மருவுக்குப் போடும் கிரீமுக்கு எத்தனை காப்புரிமை? இமிக்விமாட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் சில சமயம் 'இமிக்விமாட் 5%' என்று இருக்கும். கடையில் கேட்டால் கால் கிராம் கிரீம் அடைத்த குட்டிக் குட்டி பாக்கெட்டுகளை எடுத்துத் தருவார்கள். விலையைப் பார்த்துத் திகைத்தவர்களும், மருந்தியல் படிக்கும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தோலில் பூசும் மருந்துகளின் காப்புரிமையை (பேட்டன்ட்) புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இமிக்விமாட் எதற்கான மருந்து?

அமெரிக்காவின் 3எம் நிறுவனம் இதை 'ஆல்டாரா' என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் வைரஸால் வரும் மருக்களுக்காக 1997 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. 2004-இல் இன்னும் இரண்டு நோய்கள் சேர்ந்தன. ஒன்று ஆக்டினிக் கெரட்டோசிஸ்: பல வருட வெயிலில் முகத்திலும் வழுக்கைத் தலையிலும் வரும் சொரசொரப்பான திட்டுகள். வெள்ளைத் தோல்காரர்களுக்கு அதிகம் வரும். கவனிக்காமல் விட்டால் சில திட்டுகள் புற்றாக மாறலாம். இன்னொன்று, தோலின் மேல்மட்டத்தோடு நிற்கும் பேசல் செல் புற்றுநோய்.

கழுத்தில் தொங்கும் சாதாரணத் தோல் மருவுக்கும் மச்சத்துக்கும் இது மருந்து கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிப் பூச வேண்டாம். தோல் சிவந்து புண்ணாகிவிடும்.

ஒரு கிரீமில் காப்புரிமை வாங்க அப்படி என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. இமிக்விமாட் என்ற மூலக்கூறு ஒன்று. அதைக் கரைத்துத் தோலுக்குள் கொண்டுபோகும் கிரீம் அடிப்படை இன்னொன்று. 'இன்ன நோய்க்கு இதைப் பயன்படுத்தலாம்' என்ற பயன்பாடு மூன்றாவது. எத்தனை சதவீதம், எத்தனை நாள், நடுவில் எத்தனை நாள் இடைவெளி என்ற சிகிச்சை முறைக்கும் சில நாடுகளில் தனிக் காப்புரிமை கிடைக்கும். மருந்தைத் தொட்டு வைக்கும் கருவி இருந்தால் அதற்கும் கிடைக்கும்.

ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில் தொடங்கி வேறு வேறு நாளில் முடியும். அதனால் 'இந்த மருந்தின் காப்புரிமை எப்போது முடிகிறது?' என்று யாராவது கேட்டால், எந்தக் காப்புரிமை என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூலக்கூறுக்கான காப்புரிமை எப்போது முடிந்தது?

அமெரிக்கக் காப்புரிமை எண் 4,689,338. கண்டுபிடிப்பாளராகப் பதிவானவர் 3எம்-இன் வேதியியலாளர் ஜான் கெர்ஸ்டர். வழங்கப்பட்ட நாள் 1987 ஆகஸ்ட் 25. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வழங்கிய நாளிலிருந்து 17 வருடம், அதாவது 2004 ஆகஸ்ட் வரை.

ஆனால் மருந்து கடைக்கு வந்ததே 1997-இல்தான். முதல் பத்து வருடம் பரிசோதனையிலும் அனுமதி நடைமுறையிலும் போய்விட்டது. இப்படி இழந்த காலத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர 1984-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஹேட்ச்-வாக்ஸ்மன் சட்டம் என்பார்கள். அதன்படி கிடைக்கக்கூடிய உச்சவரம்பான 5 வருடம் முழுதும் கிடைத்து, முடிவு நாள் 2009 ஆகஸ்ட் 25 ஆனது. குழந்தைகளிடம் ஆய்வு செய்ததற்காக மேலும் 6 மாதம் சேர்ந்து 2010 பிப்ரவரி 25. அதே நாளில் முதல் ஜெனரிக் கிரீமுக்கு, அதாவது வேறு கம்பெனி தயாரிக்கும் அதே மருந்தின் நகலுக்கு, எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை.

குழந்தைகளிடம் ஆய்வு செய்தால் ஏன் ஆறு மாதம்?

பெரியவர்களுக்கு என்று வந்த மருந்துகளை மருத்துவர்கள் குழந்தைகளுக்கும் எழுதுகிறார்கள். ஆனால் குழந்தைகளிடம் சோதிக்க நிறுவனங்கள் தாமாக முன்வருவதில்லை. அதற்கான ஊக்கத்தொகைதான் இந்த ஆறு மாதம்.

குழந்தைகளுக்கு உடம்பில் முத்து முத்தாக வரும் மொலஸ்கம் கன்டேஜியோஸம் என்ற வைரஸ் கட்டிகளுக்கு இமிக்விமாட் வேலை செய்யுமா என்று 2 முதல் 12 வயதுள்ள 702 பேரிடம் இரண்டு சோதனைகள் நடந்தன. மருந்து இல்லாத வெறும் கிரீமைவிட அது மேல் என்று நிரூபணமாகவில்லை. மருந்தின் விவரக் குறிப்பிலேயே இது அச்சாகியிருக்கிறது. சலுகைக்கு ஆய்வு வெற்றி பெற வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆய்வு ஒழுங்காக நடந்திருந்தால் போதும்.

தோற்றுப்போன ஆய்வுக்கு எதற்குப் பரிசு என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் இல்லை. பலனில்லாத ஒரு எரிச்சல் மருந்தை வாரக்கணக்கில் ஒரு குழந்தையின் தோலில் பூச வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதே, அந்தத் தகவலுக்கு மதிப்பு உண்டு. அந்த ஆறு மாதத்துக்கான விலையை நோயாளிகள்தான் கொடுத்தார்கள் என்பதையும் மறக்க முடியாது.

எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே காப்புரிமை கொடுத்தார்களாமே?

உண்மை. காப்புரிமைத் தலைப்பிலேயே 'வைரஸ் எதிர்ப்புப் பயன்பாடு' என்றுதான் இருக்கிறது. சோதனைக் குழாயில் இது வைரஸை நேரடியாகக் கொல்லவில்லை. ஹெர்பிஸ் தொற்றிய கினிப் பன்றிகளுக்குக் கொடுத்தபோது மட்டும் பலன் தெரிந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டு, அதன் மூலம் வைரஸை விரட்டுகிறது என்பது போகப் போகத்தான் புரிந்தது. அந்தத் தூண்டல் டி.எல்.ஆர்.-7 என்ற உணரி வழியாக நடக்கிறது என்று ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஷிஸுவோ அகிராவின் குழு 2002-இல் காட்டியது. மருந்து கடைக்கு வந்து ஐந்து வருடம் கழித்து!

காப்புரிமைச் சட்டம் கேட்பவை மூன்று: புதிதா, துறை அறிந்தவர் எளிதில் ஊகித்திருக்க முடியாததா, பயன்படுமா. கூடவே, படித்துவிட்டு இன்னொருவர் செய்து பார்க்கும்படி விவரித்திருக்க வேண்டும். ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் கட்டாயமில்லை.

மூலக்கூறுக்கே காப்புரிமை இருக்கும்போது கிரீமுக்குத் தனியாக எதற்கு?

தோல் நம்மைக் காக்கிற சுவர். மருந்தென்றாலும் அது எளிதில் உள்ளே விடாது. இமிக்விமாட் தண்ணீரிலும் கரையாது, வழக்கமான எண்ணெய்களிலும் சரியாகக் கரையாது. கரையாத தூளைக் களிம்பில் கலந்தால் அது மேலேயே கிடக்கும். ஐசோஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தில் இது நன்றாகக் கரையும் என்று 3எம் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். அந்தக் கலவைக்கு 1993 ஆகஸ்டில் கிடைத்ததுதான் 5,238,944 என்ற இரண்டாவது காப்புரிமை.

இதை நான் வெறும் ஒட்டுவேலை என்று ஒதுக்க மாட்டேன். இந்த அமிலம் இல்லாமல் ஆல்டாரா இல்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, மருந்து சேர்க்காத வெறும் அடிப்படைக் கிரீமே எலித்தோலில் அழற்சியைத் தூண்டுகிறது என்றும், ஐசோஸ்டியரிக் அமிலத்துக்கு அதில் பங்குண்டு என்றும் காட்டியது. சும்மா சுமந்து போகும் வண்டி என்று நினைத்தது, தானும் கொஞ்சம் வேலை செய்கிறது.

ஆனாலும் கலவைக் காப்புரிமை மூலக்கூறுக் காப்புரிமை அளவுக்குப் பலமானது கிடையாது. மூலக்கூறு காப்பில் இருக்கும்வரை யாரும் எந்த வடிவிலும் அதை விற்க முடியாது. அது முடிந்துவிட்டால், கலவைக் காப்புரிமையின் வாசகத்துக்குள் வராத வேறு அடிப்படையில் கிரீம் தயாரித்துப் போட்டியாளர் நுழையப் பார்க்கலாம்.

5% கிரீம் இருக்கும்போது 3.75% எதற்கு வந்தது?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வி இதுதான்.

2006 கடைசியில் 3எம் தன் மருந்துத் தொழிலைப் பகுதி பகுதியாக விற்றது. அமெரிக்கக் கண்டத்துக்கான பகுதியை கிரேஸ்வே என்ற நிறுவனம் 87.5 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கியவற்றில் பெரிய சொத்து ஆல்டாரா. அதன் காப்பு 2010 பிப்ரவரியில் முடியப் போகிறது என்பது வாங்கும்போதே தெரிந்த சங்கதி.

2010 பிப்ரவரி 25: ஜெனரிக் 5% கிரீமுக்கு அனுமதி. 2010 மார்ச் 25: கிரேஸ்வேயின் 'ஸைக்ளாரா' 3.75% கிரீமுக்கு அனுமதி. சரியாக ஒரு மாதம். மூலக்கூறு அதே இமிக்விமாட். மாறியவை சதவீதமும் பூசும் முறையும். ஆக்டினிக் கெரட்டோசிஸுக்கு ஆல்டாராவை வாரத்துக்கு இரண்டு முறை, 16 வாரம், முகத்திலோ தலையிலோ ஒரு சின்னப் பகுதியில் பூச வேண்டும். ஸைக்ளாராவைத் தினமும் இரண்டு வாரம் பூசி, இரண்டு வாரம் நிறுத்தி, மறுபடி இரண்டு வாரம் பூசினால் போதும். முழு முகத்திலும் பூசலாம். இந்த 2-2-2 முறைக்கும் கலவைக்கும் சேர்த்துப் பெற்ற புதிய காப்புரிமைகள் 2029 வரை நீள்கின்றன.

இரு தரப்பையும் சொல்லிவிடுகிறேன். 16 வாரம் சிவந்து உரிந்த முகத்தோடு வேலைக்குப் போகிறவருக்கு ஆறே வாரத்தில் முடிவது பெரிய நிம்மதி. அந்த முறையை நிறுவ மருத்துவச் சோதனைகள் நடந்தன, பணம் செலவானது. அதெல்லாம் நிஜம்.

ஆனால் மருந்து 1997 முதல் கடையில் இருக்கிறது. தினமும் பூசினால் தோல் தாங்கவில்லை, அளவைக் குறைத்துப் பார்க்கலாம், நடுவில் ஓய்வு கொடுக்கலாம் என்பது தோல் மருத்துவர் யாருக்கும் தோன்றக்கூடிய எண்ணம். இந்த முறை நோயாளிக்கு அவ்வளவு அவசியம் என்றால் 2003-இலோ 2005-இலோ ஏன் வரவில்லை? ஜெனரிக் நுழைகிற வாசலில் வந்து ஏன் நின்றது? ஒரு சிகிச்சை முறையைக் கண்டுபிடித்ததற்குச் சில வருடச் சலுகை தரலாம். இருபது வருடம் தருவது அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

கிரேஸ்வேயை ஸைக்ளாராவால் காப்பாற்ற முடியவில்லை. 2011 செப்டம்பரில் அது திவால் நீதிமன்றத்துக்குப் போனது. மெடிசிஸ் நிறுவனம் 45.5 கோடி டாலருக்கு அதன் சொத்துகளை வாங்கிக்கொண்டது.

காப்புரிமையும் எஃப்.டி.ஏ. தரும் தனியுரிமைக் காலமும் ஒன்றா?

வேறு வேறு. காப்புரிமையைத் தருவது காப்புரிமை அலுவலகம்; கண்டுபிடிப்புக்காகத் தருகிறது. தனியுரிமைக் காலம் என்பது நகல் மருந்துகளைத் தள்ளி நிறுத்தும் காலம்; அதை எஃப்.டி.ஏ. தருவது, மருந்துக்கு அனுமதி வாங்கியதற்காக. முற்றிலும் புதிய மூலக்கூறுக்கு 5 வருடம். பழைய மூலக்கூறுக்குப் புதிய மருத்துவச் சோதனை செய்து புதிய பயனையோ வடிவத்தையோ கொண்டுவந்தால் 3 வருடம். காப்புரிமையே இல்லாத மருந்துக்கும் இது கிடைக்கும். இந்தியாவில் இப்படியொரு சட்டம் இல்லை.

காப்புரிமை முடிந்த மறுநாளே எல்லாக் கம்பெனியும் தயாரிக்கலாம்தானே?

மாத்திரையாக இருந்தால் பெரும்பாலும் ஆம். ரத்தத்தில் மருந்தின் அளவை அளந்து, 'அசலும் நகலும் ஒரே அளவில் ஏறுகின்றன' என்று சில டஜன் பேரிடம் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. கிரீமில் இது நடக்காது. தோலில் பூசிய இமிக்விமாட் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும், சேரவும் கூடாது. வேலை நடக்கும் இடம் தோல். ஆகவே அமெரிக்காவில் ஜெனரிக் கம்பெனிகள், அசல் கிரீம், தங்கள் கிரீம், வெறும் கிரீம் என்று மூன்றையும் நோயாளிகளிடமே ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டியிருந்தது. பல நூறு பேர், பல மாதம், பெரும் செலவு.

சிறிய கம்பெனிகள் இதற்குத் துணிவதில்லை. பூசும் மருந்துகளில் காப்புரிமை முடிந்த பிறகும் போட்டி மெதுவாக வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம். காகிதத்தில் காப்பு முடிந்தாலும், கலவையின் கடினம் காவல் காத்துக்கொண்டே இருக்கிறது.

இந்தியாவில் இமிக்விமாட்டுக்குக் காப்புரிமை இருந்ததா?

மூலக்கூறுக்கு இருந்திருக்க வழியே இல்லை. 1970-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்குப் பொருள் காப்புரிமை தரவில்லை. தயாரிப்பு முறைக்கு மட்டுமே தந்தது. வேறு முறையில் அதே மருந்தைத் தயாரிக்க யாருக்கும் தடையில்லை. இந்தியா மலிவு மருந்துகளின் தாயகமாக வளர்ந்ததற்கு அடித்தளம் அதுதான். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்காகச் சட்டம் திருத்தப்பட்டு, 2005 ஜனவரி 1 முதல் பொருள் காப்புரிமை வந்தது. 1995-க்குப் பிறகு போட்ட விண்ணப்பங்கள் மட்டும் அதற்குத் தகுதி பெற்றன. இமிக்விமாட் 1980-களின் கண்டுபிடிப்பு. அந்த வண்டி ஏற்கெனவே போய்விட்டது. அமெரிக்காவில் காப்பு நீடித்த காலத்திலேயே இங்கே இந்தியக் கம்பெனிகளின் கிரீம் கிடைத்ததற்கு இதுவே காரணம்.

3.75% போன்ற மாற்றத்துக்கு இங்கே காப்புரிமை கேட்டால் என்ன ஆகும்?

மூன்று தடைகள் நிற்கும். மனிதருக்குச் சிகிச்சை செய்யும் முறை எதற்கும் காப்புரிமை இல்லை என்கிறது 3(ஐ) பிரிவு. 2-2-2 முறை அங்கேயே விழுந்துவிடும். தெரிந்த பொருள்களைச் சும்மா கலந்து, தனித்தனிக் குணங்களின் கூட்டுத்தொகை மட்டும் கிடைத்தால் அது கண்டுபிடிப்பாகாது என்கிறது 3(இ). தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்கு, பலன் குறிப்பிடத்தக்க அளவு கூடினால் ஒழியக் காப்புரிமை கிடையாது. புதிய பயன்பாட்டைக் கண்டதற்காக மட்டும் கிடைக்கவே கிடைக்காது என்கிறது 3(டி).

இந்த 3(டி) கதை நம் ஊரில்தான் தொடங்கியது. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் 1998-இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006 ஜனவரியில் அந்த அலுவலகம் நிராகரித்தது. சட்டப் பிரிவே செல்லாது என்று கம்பெனி போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது: மருந்தில் 'பலன்' என்றால் நோயைக் குணமாக்கும் பலன். நன்றாகக் கரைகிறது, கெடாமல் இருக்கிறது என்பதெல்லாம் தன்னளவில் போதாது.

பூசும் மருந்துக்கு இது ரொம்பப் பொருந்தும். வழவழப்பு, பிசுபிசுப்பின்மை, நல்ல வாசனை எதுவும் கணக்கில் வராது. தோல் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்று தரவு காட்ட வேண்டும். நியாயமான சட்டம் என்றே நினைக்கிறேன்.

அம்மான் பச்சரிசிப் பாலை மருவில் வைப்பது நம் பழக்கம். அதற்கு யாராவது காப்புரிமை வாங்கிவிட முடியுமா?

அந்தப் பழக்கத்துக்கு முடியாது. பாரம்பரிய அறிவுக்குக் காப்புரிமை இல்லை என்று 3(p) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி 1997-இல் ரத்து செய்யவைத்தது. அதன் பிறகுதான் பாரம்பரிய அறிவுக்கான மின்னணு நூலகமும் உருவானது. சித்த மருத்துவமும் அதில் இருக்கிறது.

ஆனால் செடியிலிருந்து ஒரு மூலக்கூறைப் பிரித்து, கலவையாக்கி, சோதித்துக் கொண்டுவருவது வேறு. அம்மான் பச்சரிசியின் பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு செடியின் பாலை ஆஸ்திரேலியாவில் வீட்டு வைத்தியமாகத் தோல் திட்டுகளில் பூசுவார்கள். அதிலுள்ள இன்ஜெனால் மெபுடேட்டைப் பெப்ளின் என்ற கம்பெனி மருந்தாக வளர்த்தது. லியோ ஃபார்மா 2009-இல் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2012 ஜனவரியில் 'பிக்காட்டோ' ஜெல் அனுமதி பெற்றது. இரண்டு மூன்று நாள் பூசினால் போதும் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். பிறகு, இமிக்விமாட்டோடு மூன்று வருடம் ஒப்பிட்டுப் பார்த்ததில், பிக்காட்டோ பூசிய இடத்தில் தோல் புற்று அதிகமாகத் தெரிந்தது. 2020-இல் ஐரோப்பாவில் அனுமதி போயிற்று.

செடிப் பால் என்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களுக்கும், காப்புரிமை வாங்கிய மருந்து என்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். காப்புரிமை அலுவலகம் பாதுகாப்பைச் சோதிப்பதில்லை. அது அதன் வேலையே இல்லை.

காலங்காலமாக இருக்கும் பழைய மருந்துக்குப் புதிதாகக் காப்பு கிடைக்குமா?

கிடைக்கிறது. கொப்புள வண்டுகளிலிருந்து வரும் கேன்தரிடினை அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1950-களிலிருந்து மருவுக்குத் தொட்டு வைத்திருக்கிறார்கள், முறையான எஃப்.டி.ஏ. அனுமதி இல்லாமலே. வெரிக்கா நிறுவனம் அதை 0.7% திரவமாக, ஒருமுறை பயன்படுத்தும் கருவியில் அடைத்து, மொலஸ்கம் கட்டிகளுக்குச் சோதித்து 2023 ஜூலையில் அனுமதி வாங்கியது. அதற்கு முன் யாரும் முறைப்படி அனுமதி வாங்கியிராததால் பழைய பொருளே 'புதிய மூலக்கூறு' என்று கணக்காகி 5 வருடத் தனியுரிமை கிடைத்தது. கலவைக்கும் கருவிக்கும் காப்புரிமைகள் தனி. தரம் உறுதியானது என்பது ஆதாயம். விலை ஏறியது என்பது இழப்பு.

எனக்கு எழுதித் தந்த மருந்துக்குக் காப்புரிமை இருக்கிறதா என்று நானே பார்க்கலாமா?

அமெரிக்க மருந்தென்றால் எளிது. எஃப்.டி.ஏ.வின் 'ஆரஞ்சு புத்தகம்' இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மருந்தின் பெயரைத் தட்டினால் ஒவ்வொரு காப்புரிமையின் எண்ணும் முடியும் நாளும் வரும். இந்தியாவில் அப்படி மருந்து வாரியான பட்டியல் இல்லை. காப்புரிமை அலுவலக இணையதளத்தில் வேதிப் பெயரையோ கம்பெனியின் பெயரையோ கொடுத்துத் தேட வேண்டும், பொறுமை வேண்டும். விண்ணப்பத்தின் கடைசியில் எண் போட்டு வரும் கோரிக்கைகளைப் படியுங்கள். காப்பின் எல்லை அந்த வரிகள்தான்; முன்னே உள்ள நீண்ட விளக்கம் விளக்கம் மட்டுமே.

தகுதியில்லாத காப்புரிமை வருகிறது என்று தோன்றினால்?

எதிர்க்கலாம். 25(1) பிரிவின்படி, காப்புரிமை வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. கிளிவெக் வழக்கில் ஆட்சேபித்தவர்களில் புற்றுநோயாளிகளுக்கான தொண்டு அமைப்பும் ஒன்று. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் கட்டணம் உண்டு. ஆட்சேபம் ஏற்கத்தக்கதா என்று முதலில் பரிசீலிப்பார்கள். வழங்கிய பிறகு என்றால் ஒரு வருடத்துக்குள், அதில் அக்கறை உள்ள தரப்பு மட்டுமே எதிர்க்கலாம். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. ஆட்சேப மனுவில் கோபத்தை எழுதாதீர்கள். விண்ணப்பத் தேதிக்கு முன் அச்சான ஒரு கட்டுரையை இணைத்து, எந்தக் கோரிக்கை அதில் ஏற்கெனவே இருக்கிறது என்று வரி வரியாகக் காட்டுங்கள்.